புதுப்பிப்பு: சர்வர் கார்டு போட்டால் திரையே வராத பிரச்சினை தீர்ந்தது

சர்வரில் இருந்து கழற்றிய 8 போர்ட் எஸ்ஏஎஸ் கார்டை (பல ஹார்ட் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு) செருகினால் சாதா மதர்போர்டு ஆன் ஆகியும் திரை வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கார்டில் பழுதில்லை. ராம் விவரத்தைப் படிக்கும் அதே எஸ்எம்பஸ் கம்பியில் (போர்டின் பாகங்கள் சிறு தகவல்களைப் பரிமாறும் பாதை) கார்டும் குறுக்கே புகுவதால், போர்டு ராமைக் காணாமல் நின்றுவிடுகிறது.

கார்டின் செருகும் விளிம்பில், சிப் உள்ள பக்கம், பிராக்கெட் (கேஸில் திருகும் உலோகத் தகடு) முனையிலிருந்து எண்ணி 5, 6ஆம் பின்களை (பி5, பி6) மட்டும் காப்டன் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மூடினால் போதும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 1 மிமீதான், ஆகவே டேப் 2 மிமீ அகலம் தாண்டக் கூடாது. சாய்த்துச் செருகினால் டேப் சுருண்டு விலகும், நேராக இறக்குங்கள்.

இன்னொன்று, இந்தக் கார்டின் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இறக்கும் உலோகம்) சர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்தது. 40 மிமீ ஃபேன் ஒன்று மாட்டாவிட்டால் லோடில் டிஸ்க்குகள் திடீரெனக் காணாமல் போகலாம்.