1080பி கேமரா: ஹார்ட்வேர் என்கோடர் இருந்தும் சிபியு திணறுது, இரவில் பிட்ரேட் எகிறுது

சில்லு64:
ஒற்றைக் கோர் கார்டெக்ஸ் ஏ7, 64 எம்பி ரேம், சிப்பிலேயே எச்.264 என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி). 1080பி, 25 ஃபிரேம். பகலில் பிட்ரேட் (நொடிக்குப் போகிற டேட்டா அளவு) 2 எம்பிபிஎஸ்-க்குள்ள அடங்குது, இருட்டினா 6-ஐத் தாண்டுது. என்கோடிங் ஹார்ட்வேரில் நடந்தும் சிபியு 70%. படத்தின் அடியில் மெல்லிய பச்சைப் பட்டை வேற. எதை முதலில் பார்க்கணும்?

மேக்ரோபிளாக்:
பட்டையை முதலில் முடிச்சிடலாம். எச்.264 படத்தை 16×16 கட்டங்களாத்தான் எடுத்துக்கும். 1080 பதினாறால் வகுபடாது, அதனால 1088 வரியா என்கோட் ஆகுது. மிச்ச 8 வரியில் எதுவும் எழுதலைன்னா ஒய் (வெளிச்சம்), யு, வி (நிறம்) மூணும் 0. அந்தக் கலவைதான் பச்சை. எஸ்பிஎஸ்-ல் (வீடியோவின் அளவு, அமைப்பைச் சொல்ற தலைப்புப் பகுதி) கீழ்ப்பக்கம் வெட்டுற கிராப் மதிப்பை 4-னு வைங்க, 8 இல்ல. 4:2:0 வீடியோவில் (நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியா வைக்கிற முறை) அந்த எண்ணில் ஒண்ணு கூடினா 2 வரி வெட்டுப்படும். 8 போட்டா உருப்படியான 8 வரியும் சேர்ந்து போயிடும்.

சிபியு விஷயத்தில் எனக்கு மெம்காப்பி (மெமரியில் டேட்டாவை சிபியு நகலெடுக்கிறது) மேலதான் சந்தேகம். ஒரு என்வி12 (4:2:0 படத்தை மெமரியில் அடுக்குற ஒரு முறை) ஃபிரேம் 1920×1080×1.5, சுமார் 3.1 எம்பி. 25 ஃபிரேமுக்கு நொடிக்கு 78 எம்பி. ஒரு தடவை காப்பி பண்ணினா படிக்க 78, எழுத 78. மோஷன் தேடலுக்காக (முந்தைய ஃபிரேமில் பொருத்தம் தேடுறது) என்கோடரும் அதே டிடிஆர் ரேமைத்தான் குடையுது. ஐஎஸ்பி (சென்சார் படத்தைச் சீர்செய்யும் பகுதி) நிரப்பின பஃபரை டிஎம்ஏ-பஃப் (நகலெடுக்காம பஃபரைப் பகிரும் லினக்ஸ் வசதி) வழியா அப்படியே என்கோடருக்குக் கொடுங்க. பிக்சலை சிபியு தொடவே கூடாது.

தேதி-நேர எழுத்தை சிபியு வரையுதுன்னா, வரைஞ்ச இடத்துக்கு மட்டும் கேஷ் ஃபிளஷ் (கேஷில் இருக்கிறதை ரேமில் எழுதுறது) பண்ணணும். மறந்தா எழுத்துக்கு நடுவே 64 பிக்சல் நீளத்துக்குப் பழைய துண்டுகள் தெரியும். ஏ7-ன் டேட்டா கேஷ் லைன் 64 பைட், அதான்.

நிழல்வலை:
இரவுக்குக் காரணம் இரைச்சல். பகலில் அசையாத சுவர் முழுக்க ஸ்கிப் பிளாக்கா (முந்தைய ஃபிரேமை அப்படியே எடுத்துக்கிற கட்டம்) போயிடும், பிட்டே செலவாகாது. இருட்டில் கெயின் (சென்சார் சிக்னலைப் பெருக்குற அளவு) ஏறினா ஒவ்வொரு ஃபிரேமிலும் அதே சுவர் புதுசா மினுங்கும். முந்தைய ஃபிரேமில் பொருத்தம் கிடைக்காது, மிச்சமெல்லாம் பிட்டா மாறும்.

வரிசையா செய்ங்க: கெயினுக்கு உச்சவரம்பு வைங்க. ஷட்டரை 1/25 வரை விடுங்க. என்கோடருக்கு முன்னாடி 3டி இரைச்சல் நீக்கம் (முந்தைய ஃபிரேம்களோடயும் ஒப்பிட்டு நீக்குறது) போடுங்க, ஆனா மிதமா. கூட்டினா நடக்கிற ஆளுக்குப் பின்னாடி வால் இழுக்கும், முகம் கரையும். அகச்சிவப்பு விளக்கு எரியும்போது நிறம் எதுக்கு? குரோமா (நிற) தளத்தை 128-ஆ நிரப்புங்க, ஐஎஸ்பி-யிலேயே கருப்புவெள்ளை மோட் இருந்தா அதுவே செய்யும்.

இதுக்கு அப்புறமும் எகிறினா உச்சவரம்புள்ள விபிஆர் (காட்சிக்கேத்த மாதிரி மாறும் பிட்ரேட்). கடைசி வழின்னே வைங்க, இரைச்சலை விட்டுட்டு விபிஆரை மட்டும் இறுக்கினா படம் கட்டம் கட்டமா உடையும்.

சில்லு64:
ஜிஓபி (ஒரு முழு ஃபிரேமிலிருந்து அடுத்த முழு ஃபிரேம் வரை உள்ள ஃபிரேம் எண்ணிக்கை) 25-ஆ இருக்கு. 100 வைக்கலாமா? ஸ்னாப்ஷாட்டுக்கு ஜேபெக்கும் வேணும்.

மேக்ரோபிளாக்:
வைக்கலாம், அசைவில்லாத காட்சியில் நல்லா மிச்சமாகும். புதுசா இணையறவர் 4 நொடி வெறுந்திரை பார்க்காம இருக்க, இணைஞ்சதும் ஒரு ஐடிஆர் ஃபிரேமை (முந்தைய ஃபிரேம் எதுவும் இல்லாம டீகோட் பண்ணக்கூடிய முழு ஃபிரேம்) கட்டாயப்படுத்துங்க, எஸ்பிஎஸ்-ம், பிபிஎஸ்-ம் (படத்துக்கான தலைப்புப் பகுதி) கூடவே போகணும். யுடிபி-யில் பாக்கெட் தொலையுற வலைன்னா 50 போதும். தொலைஞ்ச துண்டின் கறை அடுத்த ஐ-ஃபிரேம் (முழு ஃபிரேம்) வரை நிக்கும். பி-ஃபிரேம் (பின்னாடி வர்ற ஃபிரேமையும் பார்த்து உருவாகிறது) வேண்டாம், தாமதமும் மெமரியும் கூடும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு ஆர்ஜிபி-க்கு மாத்தாதீங்க, லிப்ஜேபெக் (ஜேபெக் உருவாக்கும் மென்பொருள் நூலகம்) அதைத் திரும்ப ஒய்யுவி-யாத்தான் மாத்தும். ரா டேட்டா முறையில் (நிற மாற்றம் இல்லாம) ஒய், யு, வி தளங்களை நேரா கொடுங்க. என்வி12-ல் யு, வி பின்னிக் கிடக்கும், அதை மட்டும் பிரிச்சா போதும். தரம் 75 தாராளம்.