முழுத் தீர்வுக்குக் கையெழுத்திடலாமா? ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். கடந்த ஆண்டு மதுரை சுற்றுச்சாலையில் லாரி மோதியதில் என் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, வரும் மக்கள் நீதிமன்றத்தில் 6 லட்சம் ரூபாய்க்குச் சமரசம் செய்துகொள்ளலாம் என்கிறது காப்பீட்டு நிறுவனம்; ஆனால் இவ்விபத்து தொடர்பாக இனி எதுவும் கோரமாட்டேன் என்று தம்பி எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 21இன்படி அங்கு ஏற்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது, மேல்முறையீடும் கிடையாது என்று அறிந்தபின் தயக்கம் கூடிவிட்டது. பிளேட்டை எடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. மருத்துவக் குழுவின் ஊனச் சான்றும் இன்னும் வரவில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் தொகைக்கு ஒப்புக்கொள்வது, எடை போடாமல் நெல்லை விற்பதுபோலவே எனக்குப் படுகிறது. (வட்டிக்கு வாங்கிய கடன்தான் அவனை அவசரப்படுத்துகிறது.) வருங்காலச் சிகிச்சைச் செலவைத் தனியே கணக்கிட்டுத் தொகையில் சேர்க்கச் சொல்லலாமா? சான்று வரும்வரை அவகாசம் கேட்டால் வழக்கு பாதிக்கப்படுமா? இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களும், இப்படிக் கையெழுத்திட்ட அனுபவம் உள்ளவர்களும் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.