நிலைப்பொருளா, இடைப்பொருளா: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மன்னார்குடியிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். மடிக்கணினி பழுதுபார்ப்புப் பயிற்சிக்காக நான் எழுதிவரும் கையேட்டின் நான்காம் பாடம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கும்பகோணத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சென்ற மாதம் என் மேசைக்கு வந்த பழுது ஒன்றையே பாடமாக்கியிருக்கிறேன். ஒருவர் தம் கணினியின் ஃபர்ம்வேரை, அதாவது சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் அடிப்படை நிரலை, புதுப்பித்தார். கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, விரலால் தடவி அம்பை நகர்த்தும் டச்பேடு வேலை செய்யவில்லை. யூஎஸ்பி மவுஸ் செருகினால் அம்பு ஓடியது. விரலுக்கு மட்டும் அசைய மறுத்தது. மாணவர் திருப்புளியை எடுத்து ரிப்பன் கேபிளைக் கழற்றப் போனார். அவரைத் தடுத்து, எஃப்2 விசையை அழுத்திக்கொண்டு, கணினியின் அடிப்படை அமைவுகளை மாற்றும் பயாஸ் பட்டியலுக்குள் போகச் சொன்னேன். புதுப்பிப்பு எல்லா அமைவுகளையும் ஆலையில் வைத்தபடிக்குத் திருப்பியிருந்ததால், ‘பேசிக்’ என்றிருந்த டச்பேடு வகை ‘அட்வான்ஸ்டு’ ஆகியிருந்தது. டச்பேடு கணினியோடு பேசும் வழிகள் இவை: முன்னது பழைய பிஎஸ்/2 வழி; பின்னது ஐ2சி வழி. அந்தக் கணினியில் ஐ2சி வழிக்குரிய டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், இல்லை. ‘பேசிக்’ என்று மாற்றியவுடன் அம்பு நகர்ந்தது; டிரைவரை நிறுவிய பிறகு ‘அட்வான்ஸ்டு’ முறையிலும் நன்றாகவே நகர்ந்தது. பழுது தீர்ந்துவிட்டது, சொல்தான் தீரவில்லை. டச்பேடு, ஃபர்ம்வேர் இரண்டுக்கும் தமிழ் வேண்டும்.

சீர்காழியிலிருந்து:

டச்பேடுக்குத் ‘தொடுதிட்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள். கொள்ளிடக் கரையில் பிறந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். திட்டு என்பது சுற்றிலும் நீர் நிற்க, நடுவே உயர்ந்து கிடக்கும் நிலம். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது முன்பெல்லாம் தண்டோரா போட்டு ஆட்களை வெளியேற்றியது அங்கிருந்துதான். டச்பேடோ சமமாக இருக்கும், அல்லது ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும். போதாக்குறைக்கு, தொட்டால் திட்டு விழும் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். விசைப்பலகை என்ற சொல் தமிழ்99 என்ற தட்டச்சு முறை வந்த காலத்திலிருந்தே நிலைத்துவிட்டது. அதன் கீழே கிடப்பது தொடுபலகை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வினைத்தொகை ஆதலால் நடுவில் ஒற்று மிகாது என்பதை மட்டும் அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

திருவையாற்றிலிருந்து:

‘தொடு’ என்பதற்குத் தோண்டு என்றும் பொருளுண்டு. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளை நம் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே தொடுபலகை என்பதை மண்வெட்டியின் இலைக்கும் சொல்லலாம். இருந்தாலும் பிழையில்லை, ஏற்கிறேன். ஃபர்ம்வேருக்கு என்ன செய்யப் போகிறீர்கள், தம்பி? அச்சொல்லின் வரலாற்றை யாராவது சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

ஆஷர் ஓப்லர் என்பவர் 1967இல் ‘டேட்டாமேஷன்’ இதழில் எழுதிய கட்டுரையில் அச்சொல்லை ஆண்டார், ஐயா. அன்று அவர் குறித்தது செயலியின் நுண்கட்டளைத் தொகுப்பை. வன்பொருளும் அல்லாமல் மென்பொருளும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பதால் அப்படிப் பெயரிட்டார். இன்று சில்லுக்குள் எழுதப்பட்டுக் கருவியை இயக்கும் நிரல் எதுவும் ஃபர்ம்வேர்தான். என் கருத்தைக் கேட்டால், ஃபர்ம்வேர் என்றே எழுதிவிடலாம். கடைக்கு வருபவர் அதைத்தான் சொல்கிறார்.

திருவையாற்றிலிருந்து:

நடுவே நிற்பது என்றா சொன்னீர்கள்? அப்படியானால் விடை நன்னூலிலேயே இருக்கிறது. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் நூற்பாவில் இடைமை மிடற்றிலும் மென்மை மூக்கிலும் வன்மை உரத்திலும் பிறக்கும் என்று பவணந்தியார் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். வன்மைக்கு வன்பொருள், மென்மைக்கு மென்பொருள் என்று இரண்டைக் கொண்டாடிய நாம் மூன்றாவதை மட்டும் ஏன் அனாதையாக விட்டோம்? இடைப்பொருள் என்று சொல்லுங்கள். ஓப்லர் தமிழராகப் பிறந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஃபர்ம்வேர் என்று எழுதுபவர்களுக்கு ஒரு கேள்வி: ஆய்தம் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வந்திருக்கிறது?

கும்பகோணத்திலிருந்து:

ஆசிரியர் ஐயாவின் சொல் அழகானது; வகுப்பில் சொன்னால் நானே கைதட்டுவேன். ஆனால் நெல் விளையும் ஊரில் ‘இடை’ என்றதும் நினைவுக்கு வருபவர் கொள்முதலில் நுழையும் இடைத்தரகர். வணிகவியலில் இடைப்பொருள் என்றால் முழுமை பெறாத உற்பத்திப் பொருள். நிலைப்பொருள் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

திருவையாற்றிலிருந்து:

நிலையாக இருப்பதை எப்படி ஐயா புதுப்பிக்கிறீர்கள்? இந்தப் பழுதே அது மாறியதால்தானே வந்தது?

திருவாரூரிலிருந்து:

இதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆழித்தேர் ஆண்டு முழுவதும் நிலையில் நிற்கிறது. ஒரு நாள் வடம் பிடிக்கிறார்கள், நான்கு வீதியும் சுற்றுகிறது, திரும்பவும் நிலைக்கு வருகிறது. ‘தேர் நிலைக்கு வந்துவிட்டதா?’ என்று கேட்பவர் யாரும் அது இனி ஒருபோதும் நகராது என்று பொருள்கொள்வதில்லை. மென்பொருள் நாள்தோறும் வீதியில் திரிவது. இது எப்போதாவது வடம்பிடித்து நகர்த்தப்பட்டு மறுபடி நிலைகொள்வது. வழியில் அச்சு முறிந்தால் தேர் நடுவீதியில் நின்றுவிடுவதைப் போல, புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் கணினியும் எழாமல் நின்றுவிடும். ஆகையால் மின்கலத்தை நிரப்பி, மின்னிணைப்பையும் செருகிய பிறகே தொடங்க வேண்டும் என்பதையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

சேர்த்துவிட்டேன், நன்றி. தேர் உவமையையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தொடுபலகை, நிலைப்பொருள் என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் மட்டும் டச்பேடு, ஃபர்ம்வேர் என்ற வழக்குச் சொற்களையும் சேர்த்திருக்கிறேன். பயாஸ் பட்டியலில் உள்ள ‘பேசிக்’, ‘அட்வான்ஸ்டு’ ஆகியவற்றைத் திரையில் தெரிகிறபடியே விட்டுவிட்டேன். அங்கே தமிழாக்கினால் மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மறுப்பு இருந்தால் வெள்ளி காலைக்குள் எழுதுங்கள்.

திருவையாற்றிலிருந்து:

மறுப்பு இருக்கிறது. என் கட்டுரைகளில் இடைப்பொருள் என்றே எழுதுவேன். அது கிடக்கட்டும், உங்கள் சொல்லையே ஏற்றாலும், ‘நிலை’ இங்கே பெயரா வினையா? பெயரானால் நிலைப்படி, நிலைக்கண்ணாடி போல ஒற்று மிகும். நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் பொருள் என்று விரியும் வினைத்தொகையானால் மிகாது. நிலைபொருள் என்றே வரும். தேரைச் சொன்னவர் பெயராகக் கொண்டார். குடந்தைக்காரர் எப்படிக் கொண்டார் என்று சொல்லவே இல்லை. தொடுபலகைக்கு ஒற்று வேண்டாம் என்று கண்டிப்பாக இருந்தவர்கள் இதில் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? அச்சுக்குப் போகுமுன் அந்தப் பகர ஒற்றையாவது எடுத்துவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, தங்கள் மடலை இப்போதுதான் பார்த்தேன். மணி இரண்டரை. ஒற்றோடு இருநூறு படி அடித்து முடித்துவிட்டார்கள்.