வேட்பாளரின் குணத்தை எதை வைத்து எடைபோடுவது?

வாக்குப்பதிவுக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. எங்கள் தொகுதியில் முதல்முறை நிற்கும் ஒருவரை நம்பலாமா என்று முடிவுக்கு வர முடியவில்லை. கட்சி பார்த்து ஓட்டுப் போடுகிற ஆள் இல்லை நான்.

தேர்தல் ஆணையத் தளத்தில் அவருடைய பிரமாணப் பத்திரத்தை (படிவம் 26) இறக்கி வரி வரியாகப் படித்தேன். நிலுவையில் 2 வழக்குகள். சாலை மறியல் வழக்கை விட்டுவிடுகிறேன். மற்றது கொலை மிரட்டல். நீதிமன்ற வழக்கு விவரங்கள் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் வாய்தாவுக்கு மேல் வாய்தா. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. இவருக்குக் கட்சி சொன்ன காரணம்: 'மக்கள் செல்வாக்கு உள்ளவர்'. அது காரணமே இல்லை.

துண்டு வீடியோக்களை நம்பாமல் 4 கூட்டப் பேச்சுகளை முழுசாகக் கேட்டேன். நிதானமான பேச்சு, எதிராளியைப் பற்றித் தரக்குறைவாக ஒரு சொல் கிடையாது. அது எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு கூட்டத்தில் குடிதண்ணீர் பற்றிக் கேட்ட அம்மாவின் கையிலிருந்து மைக்கைச் சிரித்தபடியே வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டச் சொன்னார். அந்த அம்மா கை நீட்டியபடியே நின்றார். அந்தக் காட்சி மனசைவிட்டுப் போகவில்லை.

அவர் தெருக்காரர்களிடமும் விசாரித்தேன். சிலர் தங்கமான மனுஷன் என்றார்கள், சிலர் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

தீர்ப்பு வராத வழக்கு, மேடையில் கண்ட அந்த ஒரு நிமிடம், இவை தவிர ஒருவரின் குணத்தை அறிய நீங்கள் வேறு எதைப் பார்ப்பீர்கள்?