எம்.எஸ்சி. கவுன்சலிங்: தபால் வழியில படிக்கலாமா?

பாம்பன் கரை: தங்கச்சி பி.எஸ்சி. உளவியல் முடிச்சிருக்கா. மண்டபத்துல இருந்தபடியே தபால் வழியில எம்.எஸ்சி. படிச்சு கவுன்சலிங் சென்டர் போடலாமா?

தொண்டிக்காரன்: வேண்டாங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலை, ஆன்லைன் உளவியலுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தடை போட்டாச்சு. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிராதீங்க.

கீழக்கரை வாசி: நேரடிக் காலேஜ்னாலும் முதல்ல கேளுங்க: கேஸ் பார்க்க, அதாவது உதவி தேடி வர்றவங்களோட நேர்ல பேசிப் பழக, எத்தனை மணி நேரம், வாராவாரம் சூப்பர்விஷன் (அனுபவசாலி ஒருத்தரோட மேற்பார்வை) உண்டா? தியரி மட்டும் படிச்சவங்க எடுத்ததுமே அறிவுரையில இறங்கிடுவாங்க. "கடலுக்குப் போனவரு வரல"ன்னு ஒரு அம்மா சொன்னா, "கவலைப்படாதீங்க"ன்னு பேச்சை மூடக்கூடாது. "எத்தனை நாளாச்சும்மா?"ன்னு கேட்டுட்டு, அவங்க பேசுற வரைக்கும் சும்மா இருக்கணும். அதுக்குத்தான் பயிற்சி.

ஏர்வாடி ரோடு: போர்டுல 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'னு (மருத்துவ உளவியலாளர்) எழுத எம்.எஸ்சி. மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு, பதிவு ரெண்டும் வேணும். மாத்திரை எழுதவும் கூடாது, அது டாக்டர் வேலை.