வரைபடத்தில் சாலை, நேரில் கலுங்கு: செட்டிநாட்டில் நெடுந்தொலைவு சைக்கிள் பயண அனுபவங்கள் (உறுப்பினர்களும் வாசகர்களும் எழுதியவை; சிலர் புனைபெயரில்)

கண்மாய்க்கரை (பள்ளத்தூர்)

கார்த்திகையில் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதால் எழுதுகிறேன். பி.ஆர்.எம். எனப்படும், நேர வரம்புள்ள நெடுந்தொலைவு சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதற்கான பயிற்சியாக, காரைக்குடி, திருமயம், திருப்பத்தூர், சிவகங்கை, காளையார்கோயில், தேவகோட்டை என்று ஒரு வட்டம் போட்டிருந்தேன். காளையார்கோயிலைத் தாண்டியதும் நான்கு கிலோமீட்டர் மிச்சமாகும் என்று கைப்பேசியின் வரைபடச் செயலி காட்டிய கிளைப்பாதையில் திரும்பினேன். பாதை கண்மாய்க் கரையில் ஏறி, கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்குக்குக் கீழே இறங்கி, செந்தண்ணீருக்குள் மறைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இறங்காதீக தம்பி, கலுங்கு பாயுது" என்றார். நான் கைப்பேசியை நீட்டி, இதில் வழி இருக்கிறதே என்று வாதாடினேன். அவர் திரையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுல கண்மாயவே காணோமே" என்றார். பிறகு கையிலிருந்த தொரட்டிக் கம்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காட்டினார். பாதிக் கம்பு உள்ளே போன பிறகும் தரை தட்டவில்லை. அவரிடம் வாதாடியதுதான் இன்றும் உறுத்துகிறது.

செம்மண்சக்கரம் (காரைக்குடி)

பிழை வரைபடத்தில் இல்லை, அதைப் படித்த விதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் சைக்கிளில் தொட்டு வரக் கிளம்பிய நாளில், இரணியூர்ப் பக்கம் தார் முடிந்து சரளை தொடங்கிய இடத்தில், வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கருவேல முள் குத்தி என் இரண்டு சக்கரங்களிலும் காற்று இறங்கிவிட்டது. ஒரே டயரில் பதினொரு முள் எடுத்தேன். அன்றிலிருந்து சில முறைகளை விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

சைக்கிள் செயலிகள் பலவற்றுக்கும் அடிப்படையான ஓபன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடம். ஊருக்கே வராமல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த பாதைகளும் அதில் உண்டு. தார், மண் என்ற குறிப்பே இல்லாத பாதையைத் தார்ச்சாலை என்று எண்ணிவிடக் கூடாது. நம் பகுதியில் மண் சிவப்பாக இருப்பதால், செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் தாரும் சரளையும் தெளிவாகப் பிரிந்து தெரியும். ஒரு பாதை பிறை போல வளைந்து, அதன் ஒரு பக்கம் வயலாகவும் மறு பக்கம் வெறும் பொட்டலாகவும் இருந்தால் அது பெரும்பாலும் கண்மாய்க் கரைதான். அந்தப் பொட்டலில் ஐப்பசிக்குப் பிறகு தண்ணீர் நிற்கும். டவுன் பஸ் போகும் ஊர் வழியாகப் பாதை போட்டால் 25 மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய டயருக்கும் பயமில்லை. காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் காலையில் எதிர்கொண்டு மேற்கே போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். இதை மாற்றிச் செய்தவர்கள் கடைசி நாற்பது கிலோமீட்டரில் படும் பாட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை உறுப்பினர்

மேலே சொன்ன செயற்கைக்கோள் படத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன். வரிசை வரிசையாகப் பெரிய ஓட்டுக்கூரைகள் தெரிந்த ஓர் ஊரை, இவ்வளவு வீடு இருந்தால் கடை இல்லாமலா போகும் என்று எண்ணித் தண்ணீர் நிரப்பும் இடமாகக் குறித்திருந்தேன். சித்திரை மாதம் பகல் ஒரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது இரண்டு குடுவைகளும் காலி. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் கதவுகளிலும் பூட்டுத் தொங்கியது. என் பின்சக்கரத்தின் கிறுகிறு சத்தம் மட்டும் இருபுறச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டைக் காவல் பார்க்கும் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "கடையா? இங்க ஏது தாயி கடை. கல்யாணம், அறுபது சாந்தின்னாத்தான் இந்தத் தெருவுக்கு ஆள் வருவாக" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஒரு சொம்பு நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தார். கூரைகளை எண்ணி ஊரை அளந்தது என் தவறு.

குன்றக்குடி வாசகர்

டவுன் பஸ் போகும் வழி என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. பஸ் போவதால் தண்ணீரும் நிழலும் கிடைத்துவிடாது. தைப்பூசத்துக்கு நம்மவர்கள் பழனிக்கு நடந்து போகும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியைத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன். நடப்பவர்களின் கால் களைக்கும் தூரத்துக்கு ஏற்ப அந்த வழியில் தங்கும் இடங்கள் அமைந்திருக்கின்றன. யாத்திரைக் கூட்டம் இல்லாத மாசியில் அதே வழியில் போனேன். சிங்கம்புணரியைத் தாண்டிய ஒரு மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்தபோது, அடிமரத்து வேரெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். எந்தச் செயலியிலும் இல்லாத நிறுத்தம் அது.

கண்மாய்க்கரை (பள்ளத்தூர்)

படித்த விதத்தில் பிழை என்று செம்மண்சக்கரம் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் வரையப்படாத கண்மாயை எவரும் படிக்க முடியாது. பங்குனியில் அதே இடத்துக்குத் திரும்பப் போய், கண்மாயையும் கலுங்கையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நானே சேர்த்தேன். அந்தப் பெரியவரைத் தேடினேன், பார்க்க முடியவில்லை. பாதை காய்ந்து கிடந்தது. கலுங்கை ஒட்டிய கற்சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் ஒரு கோடாகத் தெரிந்தது. பாதையில் இறங்கி நின்று பார்த்தேன். கோடு என் இடுப்புக்கு மேலே இருந்தது.