பேனா பிறக்கும் முன்பே போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டில் ஒரு பழைய கிண்டல் உண்டு. "எல்லா, எல்லான்னு எல்லாக் காசும் போச்சு" என்பாள் மனைவி. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைத்தான் சொல்கிறாள். நியூ ஜெர்சிக்கு வந்த நாளிலிருந்து அவருடைய இசைத்தட்டு, நிகழ்ச்சி மலர், கையெழுத்து என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் முதலில் வாங்கியது போலி. மைக் முன்னால் இளம்வயது எல்லா நிற்கும் படம், கீழே தடித்த கறுப்பு எழுத்தில் பெயர், பக்கத்தில் 1938. சிக் வெப் இசைக்குழுவோடு அவர் பாடிய ‘எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்’ நாடெங்கும் பேர்பெற்ற வருடம் அது. கை நடுங்க 180 டாலர் கொடுத்தேன். கூடவே, அசல்தான் என்று ஒரு சான்றிதழும் தந்தார்கள்.

பழைய இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பேனா அப்போ பிறக்கவே இல்லையே" என்றார். மார்க்கர் பேனா! இப்போது எல்லார் மேசையிலும் கிடக்கும் ஷார்ப்பியே 1964இல்தான் வந்தது. பால்பாயின்ட் பேனாகூட நியூயார்க் கடையில் விற்பனைக்கு வந்தது 1945இல். பழைய படத்தில் பிற்காலத்தில் மார்க்கரால் கையெழுத்து வாங்கியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அதே மார்க்கரால் 1938 என்று தேதியும் போட்டால்? அந்தச் சான்றிதழில் விற்றவர் போட்டிருந்த கையெழுத்து மட்டும்தான் அசல்.

அப்புறம் ஒரு பூதக்கண்ணாடியும் புற ஊதா விளக்கும் வாங்கினேன். அச்சடித்த கையெழுத்து என்றால் பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். மைப்பேனா எழுத்தில் கோட்டின் ஓரங்கள் கருத்து, முடியும் இடத்தில் மை தேங்கியிருக்கும். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது 1950 வாக்கில். முப்பதுகளின் காகிதம் என்று சொல்லி விற்பது அந்த விளக்கின் கீழ் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

அசல் கிடைத்தது நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில், எல்லா வளர்ந்த ஊர். ரயில் நிலையத்துக்கு வெளியே அவருக்குச் சிலைகூட உண்டு. ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். பொத்தான் டப்பாவுக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஓர் ஆட்டோகிராஃப் புத்தகம் கிடந்தது. ஐந்து டாலர். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தாளுக்குத் தாள் வேறு நிறம். பள்ளித் தோழிகளின் அசட்டுக் கவிதைகள், ஒரு கணக்கு வாத்தியாரின் அறிவுரை, அதற்கு அடுத்த மஞ்சள் தாளில் பென்சிலால், லேசாகச் சாய்ந்து, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு.

தாளை வெட்டிப் படத்தோடு சேர்த்து ஃப்ரேம் போட்டால் நல்ல விலை போகும் என்று மூன்று பேர் சொன்னார்கள். மாட்டேன். அந்தக் கணக்கு வாத்தியார்தான் எனக்குச் சாட்சி. போலி செய்கிறவன் எவனும் அவருக்குப் பக்கத்தில், அதுவும் பென்சிலில், செய்யமாட்டான்.

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

* * *

அண்ணை, நான் இருக்கிறது சிட்னியில். என்னிடம் இருப்பது கையெழுத்து இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்ல வேணும். 1954இல் எல்லா இங்கே பாட வந்தார், கிளாரினெட் கலைஞர் ஆர்ட்டி ஷா, டிரம்ஸ் கலைஞர் பட்டி ரிச் எல்லாரும் சேர்ந்த பெரிய நிகழ்ச்சி. அந்த மலர் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. பட்டி ரிச்சின் படத்துக்கு மேலே நீல மையில் அவருடைய பெயர். எல்லாவின் பக்கம் வெறுமை. விற்ற கிழவர், "அன்றைக்கு அவள் வரவேயில்லை" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை.

தேடிப் பார்த்தால் உண்மைதான். வரும் வழியில் ஹொனலுலுவில் பான் அமெரிக்கன் விமானத்தில் அவரையும் பியானோக்காரர் ஜான் லூயிஸையும் உதவியாளரையும் மறுபடி ஏறவிடவில்லை. முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும். மூன்று நாள் அங்கேயே கிடந்தார்கள், சிட்னியில் சில நிகழ்ச்சிகள் தவறிப்போயின. நிறவெறி என்று வழக்குப் போட்டார், கடைசியில் விமான நிறுவனம் பணம் கொடுத்துச் சமரசம் செய்தது. இப்போது அந்த வெறும் பக்கத்தைத்தான் விருந்தாளிகளுக்கு முதலில் திறந்து காட்டுவேன்.

* * *

எண்பதுகளில் மாணவியாக, லாஸ் ஏஞ்சலிஸின் திறந்தவெளி அரங்கான ஹாலிவுட் பௌலில் எல்லா பாடிக் கேட்டிருக்கிறேன். தடித்த கண்ணாடி, கையில் கைக்குட்டை. கடைசி வரிசையிலிருந்து கையெழுத்துக்கு எங்கே போவது! டிக்கெட்டின் மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். கணவர் அதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்து, புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் மன்னிக்கவில்லை.

செலவில்லாமல் ரசிக்க ஒரு செய்தி: எல்லாவே ஒரு சேகரிப்பாளர்தான், சமையல் புத்தகம் சேர்ப்பார். அவை ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன.

* * *

சிட்னித் தம்பி, அந்த மலரை விற்றுவிடாதே. விற்றால் எனக்கு.

நான் தேடும் காகிதம் வேறொன்று. 1955 அக்டோபர் 7, ஹூஸ்டன். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்ற இருக்கைப் பாகுபாடு கூடாது என்று எல்லாவின் மேலாளர் நார்மன் கிரான்ஸ் பிடிவாதமாக நின்று நடத்திய நிகழ்ச்சி. முதல் காட்சி நடக்கும்போதே போலீஸ் ஒப்பனை அறைக்குள் புகுந்தது. டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோன் கலைஞர் இல்லினாய் ஜாக்கேயும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா ஒரு துண்டு பை பலகாரமும் காபியுமாக உட்கார்ந்திருந்தார். சூதாட்டம் என்று அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளுக்குப் பத்து டாலர் பிணை கட்டி, இரண்டாம் காட்சிக்குத் திரும்பி வந்து பாடினார்கள்.

காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டு, அங்கே வெட்கமில்லாமல் தன்னிடம் ஆட்டோகிராஃப் கேட்டார்கள் என்று எல்லா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழுகையோடு போட்டிருந்தால் அந்தக் கையெழுத்து எப்படி இருக்கும்? ஹூஸ்டன் பக்கம் யாராவது பழைய போலீஸ்காரர் வீட்டைக் காலி செய்தால், பொத்தான் டப்பாவுக்கு அடியிலும் ஒருதரம் பாருங்கள். கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், என் மனைவிக்கு வேண்டாம்.